இடம்புரி

ராகலைக்கு மேலே மூன்றாவது வளைவில்
இடப்பக்கப் பின்டயர் காற்றிறங்கி
உட்கார்ந்துவிட்டது பிக்கப்.
லீக்ஸ் பதினெட்டு மூட்டை,
இரவைக்குத் தம்புள்ளை சேர வேண்டியவை.

நட் அசையவில்லை.
"ஏறி மிதி மச்சான்" என்றேன்.
மரியநேசன் நல்ல கனம்.
வீல் பிரேஸின் மேல் ஏறி நின்று
ஒருமுறை குதித்தான்.
டக்.
நட்டும் அரைவாசி ஸ்டட்டும்
ஒன்றாகக் கானுக்குள் உருண்டன.

ஏசினேன்.
தாய் தகப்பன் வரை போகவில்லை,
அவர்கள் என் மாமியும் மாமனும் என்பதால்.
மற்றபடி மிச்சம் வைக்கவில்லை.

துண்டைத் தேடி எடுத்து
பஸ்ஸில் தொற்றிக் கந்தப்பளை போனேன்.
கசாலி நானா அதைச் சாரத்தில் துடைத்து
பல்புக்குக் கீழே பிடித்தார்.
"நுனியில எல் எழுத்து இருக்கு பாருங்க.
இடப்பக்கத்துக்கு இடப்புரி.
சில பழைய வண்டிகள்ல இப்பிடித்தான்.
நீங்க கழட்டல்ல தம்பி,
இறுக்கியிருக்கீங்க."

சங்கென்றால் வலம்புரிக்கு அலைவார்கள்.
எனக்கு வாய்த்தது இது.
பால்மா டின்னைக் கவிழ்த்துக் கொட்டியதில்
ஒன்றே ஒன்று கிடந்தது,
கழுத்தில் துருவோடு.

திரும்பி வரும்போது இருட்டு, பனி.
மற்ற நாலு நட்டும்
இப்போது பிகு பண்ணாமல் கழன்றன.
டிரம்மை இழுத்தெடுத்து
முறிந்த வேரைச் சுத்தியலால் பின்னுக்கு அடித்து விழுத்தி,
புதியதைப் பின்னாலிருந்து நுழைத்து,
வாஷர் நாலை அடுக்கி
நட்டைக் கவிழ்த்துப் போட்டுத் திருப்பினேன்.
ஒரு சுற்று.
கால் சுற்று.
இரும்பைப் பல் பல்லாகக் கடித்தபடி
கிறீச்சிட்டு உள்ளே வந்தது.

"பனிக்கு இரும்பு விறைச்சிருக்கும்,
அதான் முறிஞ்சிருக்கு" என்றேன்.
"ம்" என்றான் மரியநேசன்.
போன் வெளிச்சம் அவன் கையில்.
அது ஆடவில்லை.
நேராக என் மணிக்கட்டில் விழுந்து கிடந்தது,
அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ
அந்தப் பக்கமெல்லாம்.

தம்புள்ளையில் விலை விழுந்திருந்தது.
கிலோவுக்கு நாற்பது ரூபாய்.
தேத்தண்ணி குடித்தோம், அவன் காசு கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது கண்டேன்:
பின் ரிம்மில்,
மாதா கெபிக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட்டில்
வலப்பக்கம் வளைந்து ஒரு அம்புக்குறி,
கொஞ்சம் கோணல்.
முன் ரிம்மிலும் ஒன்று.
அந்தப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன்.
அங்கே ஒன்றுமில்லை.