பாணி

நாலு பத்துக்கு எழுந்தால்
ஐந்து நாற்பது வரை என்னுடையது.
அதன் பிறகு மாநகராட்சியுடையது.

செம்பூர் திலக் நகரில் ஓர் அறை, ஒரு சமையலறை.
அறையில் கணவரும் மகனும்
குறுக்கும் நெடுக்குமாய்த் தூங்க,
கேஸ் அடுப்பை ஓரம் தள்ளி
அந்த இடத்தில் நோட்டைப் பிரிப்பேன்.
நின்றபடிதான் எழுத்து.
உட்கார்ந்தால் உறக்கம் வரும்.
உட்கார இடமும் கிடையாது.

பதினொரு வருடத்தில் மூன்று நாவல்.
பக்கமெல்லாம் மஞ்சள் விரல்தடம்.
தட்டச்சு செய்த பையன்
போன் பண்ணிக் கேட்டான்:
"அக்கா, இது முற்றுப்புள்ளியா, கடுகா?"

ஐந்து நாற்பதுக்குக் குழாய் இருமும்.
முதலில் காற்று.
பிறகு துருவின் நிறத்தில் ஒரு மிடறு.
பிறகுதான் தண்ணீர்.
அதற்குள் எதிர்வீட்டு சுலபா தாயி
நடைவழி அதிர
"பாணி ஆலா!" என்பாள்.

பேனாவைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.
டிரம்மின் மூடிமேல் எடைக்கு வைத்திருக்கும்
என் நாவல் பிரதிகளை இறக்கி,
டிரம், இரண்டு குடம், ஐந்து பக்கெட்,
கடைசியில் குக்கர் வரைக்கும் பிடித்து வைத்துத்
திரும்பினால்
வாக்கியம் ஆறிப் போயிருக்கும்.
சூடு பண்ணிப் பார்த்திருக்கிறேன்,
திரிந்துவிடும்.
அதனால் விட்ட இடத்திலேயே
ஒரு கோடு.
அத்தியாயம் முடிந்தது.

முதல் நாவலில் ஒரு கல்யாணம்
தாலி கையில் இருக்கும்போதே நின்றது அப்படித்தான்.
கட்டினானா என்று வாசகர்கள் கேட்கிறார்கள்.
எனக்கும் தெரியாது.
அன்றைக்கு முக்கால் டிரம்தான் நிறைந்தது,
அது தெரியும்.

சென்னையிலிருந்து ஒரு விமர்சகர் எழுதினார்:
"விளிம்பில் நிறுத்திவிட்டுச்
சட்டென்று விலகிக்கொள்ளும் இம்முடிவுகள்
இவருக்கே உரிய பாணி."

பத்திரிகையும் கையுமாக நான் சிரித்ததைப் பார்த்து
என்ன சேதி என்றாள் சுலபா தாயி.
மற்றதையெல்லாம் மராத்தியில் சொல்லி,
அந்த ஒரு சொல்லுக்கு மராத்தி தெரியாமல்
அப்படியே சொன்னேன்,
எனக்குப் பாணி வந்துவிட்டதாம் என்று.
அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டாள்.
"மத்தியானம் மூணு மணிக்கா? எந்த வீட்டில்?"

பிறகு கட்டடத்தை இடித்தார்கள்.
காலி செய்த அன்று காலை ஐந்து நாற்பதுக்கு
நாலாவது நாவலின் ஜெபக்கனியை
குர்லா நடைமேம்பாலத்தின் நடுவில்
இரண்டு பைகளோடு நிறுத்தியிருந்தேன்.
கோவண்டி வாடகை வீட்டில்
மூன்று வருடம் ஒரு வரி ஓடவில்லை.
அவள் நின்றுகொண்டே இருந்தாள்.
மழைக்காலங்களில் எனக்குக் குற்ற உணர்வாக இருக்கும்.

இப்போது பதினான்காம் மாடி.
தரைக்கடியில் ஒரு தொட்டி, மேலே ஒரு தொட்டி,
நாள் முழுக்கத் தண்ணீர்.
மகன் மேசை வாங்கித் தந்தான்.
நாற்காலி சுழலும்.

கடைசி அத்தியாயம் தொண்ணூற்றாறு பக்கம் தாண்டிவிட்டது.
ஜெபக்கனி பாலத்தைக் கடந்தாள்,
டிட்வாலாவில் அறை எடுத்தாள்,
இட்லி போட்டு விற்றாள், கிரைண்டர் வாங்கினாள்,
கிரைண்டர் பழுதானது,
பழுதுபார்க்க வந்தவனுக்கு ஒரு தங்கை,
தங்கைக்கு ஒரு வழக்கு.
போதும்மா என்றால்
ஏன் என்று பார்க்கிறாள்.
என்னிடம் பதில் இல்லை.
குழாயைத் திறந்து பார்க்கிறேன்.
இருமலே இல்லாமல்
கொட்டுகிறது.

சுலபா தாயி பணமாக வாங்கிக்கொண்டு
பத்லாப்பூர் போய்விட்டாள்.
நேற்று ராத்திரி போன் போட்டேன்.
"அங்கே தண்ணீர் எத்தனை மணிக்கு?"
"ஐந்தேகால். சில நாள் ஐந்தரை. ஏன்?"
"வந்ததும் எனக்கு ஒரு குரல் கொடுக்க முடியுமா?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"பதினாலு மாடி ஏறியும் தண்ணி வரலையா உனக்கு?"
பாவம், திட்டினாள் பில்டரை.

இன்று ஐந்து பதினேழு.
அடுப்படி மேடையில் நின்றுகொண்டிருக்கிறேன்.
ஜெபக்கனி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு
கதவைத் திறக்கிறாள்.
வாசலில் நிற்பவன் செருப்பைக் கழற்றவில்லை,
வாயையும் திறக்கவில்லை.

போன் அடிக்கிறது.