காற்று எந்தப் பக்கம்

வெள்ளி இரவு பத்து மணி.
உட்துறைமுக வீதியில் ஒரு மாடி அறை,
சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டிய கலையகம்.
ஆவி, பேய், அமானுஷ்யம் ஒரு மணித்தியாலம்,
நடுவில் புடைவைக்கடை விளம்பரம்.
கேள்வி கேட்பது நான்.

முதல் மாதம் வந்தவர் கிண்ணியா ஹயாத்து லெப்பை.
பாலம் வருமுன் பாதையில் வேலை செய்தவர்.
பாதை என்றால் இங்கே
ஆளையும் லொறியையும் ஏற்றி
அக்கரை சேர்க்கும் மிதவை.
பாலம் திறந்து இத்தனை வருடம்,
இன்னும் சில இரவுகளில்
பழைய இறங்குதுறையில் யாரோ விசிலடிக்கிறார்கள்,
எழும்பிப் போய்ப் பார்த்தால்
தண்ணீர் மட்டும்தான் என்றார்.

நான் அன்று நல்ல தயாரிப்பு.
தாளில் பதினொரு கேள்வி.
எத்தனை மணி, நிலவா இருட்டா,
வேறு யாருக்காவது கேட்டதா,
காற்று எந்தப் பக்கம்,
பாலத்துக் கம்பியில் காற்று விசிலடிக்காதா.
ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார்,
காற்றுக்கு மட்டும் "யோசிக்கோணும்" என்றார்.
அந்த யோசிப்பைத் தோல்வி என்று எடுத்து
தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்:
"அண்டைக்குக் கொஞ்சம் குடிச்சிருந்தீங்களோ?"
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து
திரும்பப் போட்டுக்கொண்டார்.
வானொலியில் அது கேட்காது.
கேட்டது என் சிரிப்பு.
குறுஞ்செய்தி நிறைய வந்தது: அக்கா, சூப்பர்.

மூன்றாம் மாதம் பரஞ்சோதிநாதன்.
வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார்,
எங்களுக்கு விளம்பரமும் தருபவர்.
காணாமல் போனவர்களின் குரலை
அழைத்துத் தருவாராம்.
"எப்படி ஐயா கிடைச்சது இந்த வரம்?" என்றேன்.
தொலைபேசி இலக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன்,
இரண்டாம் தரம் மெதுவாக,
எழுதிக்கொள்ள வசதியாக.

பாலையூற்றிலிருந்து ஞானசெல்வி எடுத்தா,
நிகழ்ச்சிக்கு அல்ல, செவ்வாய் காலையில்.
"பதினெட்டாயிரம் குடுத்தனான் பிள்ளை.
மகன்ர குரல் வந்தது, அம்மா எண்டு கூப்பிட்டது.
அவன் என்னை ஒருநாளும் அம்மா எண்டதில்ல,
செல்வி எண்டுதான், பகிடிக்கு.
நீங்கதானே அந்த நம்பரை வாசிச்சது?"
கோபமில்லை.
மிச்சக் காசை எண்ணிப் பார்ப்பதுபோல்
சும்மா சரிபார்த்தா.

போன வெள்ளி அவர் திரும்ப வந்தார்.
கண்ணாடிக்கு அப்பால் முகாமையாளர் நின்று
உள்ளங்கையால் காற்றை அமத்தினார்:
மெதுவா, மெதுவா.
நான் தாள் கொண்டுபோகவில்லை.
குரலையும் உயர்த்தவில்லை.
"பாலையூற்றுத் தாய்க்கு நீங்கள் கூப்பிட்டுக் குடுத்த பிள்ளை,
அவற்ற பேர் என்ன ஐயா?"

ஏழு செக்கன்.
ஏசி இரைந்தது.
பிறகு புடைவைக்கடை, தீபாவளிக் கழிவு.

வேலை இருக்குமோ தெரியாமல் கீழே இறங்கினேன்.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
எங்கள் சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது,
என் முகம் பாதி போய்விட்டது.
கைத்தொலைபேசி அடித்தது. கிண்ணியா.

"பேர் கேட்டது நல்ல கேள்வி மகள்.
எனக்கிட்டயும் கேட்டிருக்கலாம்.
பாதையில ஏறி அக்கரை சேராத ஆக்கள்ட பேர்
எனக்குப் பாடம்."
சொல்லுங்கோ என்றேன். சொன்னார்.
ஒலிப்பதிவு இல்லை, நேயர் இல்லை,
மான் மென்று முடிக்கும்வரை சொன்னார்.

பேயை நான் நம்பவில்லை, இப்போதும்தான்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
பதினொரு கேள்விக்கும் அல்ல, அந்த ஒன்றுக்கு.
அவர் அதற்கு இடம் தரவில்லை.

"அதோட மகள், அண்டைக்கு நீங்க கேட்டது,
நல்லா யோசிச்சுப் பார்த்தன்.
சோளகம்.
சோளகம் அந்தக் கம்பியில ஊதுமா எண்டு
இனித்தான் நிண்டு கேட்டுப் பார்க்கோணும்."