நாலு மணிப் பச்சை

மிக்ஸியைக் குளியல் துண்டில் சுற்றுகிறேன்,
அதற்குமேல் என் பழைய கம்பளிச் சட்டை.
அப்படியும் உறுமும்.
வயரை இழுத்துத் துணி துவைக்கும் கொட்டகைக்குக்
கொண்டுபோய்க் கதவைச் சாத்துகிறேன்.
மணி நாலு பத்து.
மினாஸ் மலைகளுக்கு இன்னும் முகம் வரவில்லை.

உள்ளே லுவானா,
பிறந்து மூன்று மாதம் பதினோரு நாள்.
பக்கத்தில் எலெனீஸ்,
தூங்குவதாகப் பேர்.

வேலியோரத்துக் கோவிக் கீரை நாலு இலை.
நடுநரம்பைக் கிழித்தெறிய வேண்டும்,
இல்லாவிட்டால் தொண்டையில் நார் நிற்கும்.
இது எனக்குத் தெரிந்தது ஒன்பதாம் நாள்.
முதல் எட்டு நாளும்
மென்று மென்று விழுங்கியிருக்கிறாள்,
ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்னாசி நாலு வில்லை,
பனிப்பெட்டியில் கல்லாகிப்போன வாழைப்பழம்,
புதினா, எலுமிச்சை,
இரவே ஊறவைத்த முந்திரி ஒரு பிடி.
பாலின் வேலையை முந்திரிதான் பார்க்கிறது,
லீவில் போனவர் நாற்காலியில்
நுனியில் உட்கார்ந்த தற்காலிக குமாஸ்தா போல.

குழந்தையின் அணையாடையில்
ரத்தம் நூலாக ஓடியிருந்த அன்று
டாக்டர் சொன்னார்:
பசும்பாலில் உள்ள ஏதோ ஒன்று
தாய்ப்பாலில் ஏறிப் பிள்ளையைக் கடிக்கிறது.
பால், வெண்ணெய், சீஸ்,
இனி எதையும் தாய் தொடக்கூடாது.
பிறகு படிவத்தை நிரப்ப என்னைக் கேட்டார்,
என்ன வேலை?

பால் வண்டி ஓட்டுகிறேன்.

பேனாவை மூடினார்,
திறந்தார்,
சிரிக்காமல் எழுதி முடித்தார்.

எட்டாயிரம் லிட்டர்.
வளைவுகளில் என் முதுகுக்குப் பின்னால் புரண்டு படுக்கும்.
பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்கள்.
நான் பாலுக்குக் காவல், பாலுக்கே பகை.
பண்ணைக்காரி ஸுல்மீரா
காகிதத்தில் சுற்றித் தரும் சீஸை
வேண்டாமென்று சொல்லத் தெரியாமல் வாங்கி
எடைமேடைக்காரனிடம் இறக்கிவிடுவேன்.
அவன் பெருத்துக்கொண்டே வருகிறான்.
வீடு திரும்பியதும்
கொட்டகையிலேயே சட்டையைக் கழற்றி
முழங்கைவரை சோப்புப் போட்டபிறகுதான் மகள்.

எலெனீஸின் தம்பி கல்யாணத்தில்
சூடான சீஸ் ரொட்டித் தட்டு அவளைத் தாண்டிப் போனது.
மூச்சைப் பிடித்துக்கொண்டாள்,
குளத்துக்கு அடியில் நீந்துகிறவள் போல.

பச்சைக் குழந்தை.
பச்சை உடம்புக்காரி.
டாங்கரில் பச்சைப் பால்.
ஜாடியில் இது.

இன்று மூடி சரியாக உட்காரவில்லை.
ஒரே சுற்று.
கம்பெனி தந்த வெள்ளைச் சீருடையில்
காலரிலிருந்து பாக்கெட்வரை கீரை.
நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்,
மிக்ஸியைவிடச் சத்தமாக.

கதவில் எலெனீஸ், தோளில் பிள்ளை.
இரண்டு பேருமே அழவில்லை.
மிஞ்சியதை ஜாடியோடு தூக்கிக் குடித்தாள்.
மேலுதட்டில் மீசை.
"எலுமிச்சை இன்னும் கொஞ்சம் போடு, ஜுராந்திர்."
அறுபத்திரண்டு நாளில்
அவள் வாய் திறந்து சொன்ன முதல் குறை.
அதைக் கேட்டு ஏன் எனக்கு
அவ்வளவு சந்தோஷம் வந்தது என்று தெரியவில்லை.

மாற்றுச் சட்டை ஈரமாகக் கிடந்தது.
அப்படியே போனேன்.
பால் நிலைய வாசலில் சோதனைக்காரர்
என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.
'கறையின் தன்மை' என்று அவர் படிவத்தில் ஒரு கட்டம்.
கீரை என்றேன். அன்னாசி. முந்திரி.
எழுதிக்கொண்டே கேட்டார்,
பால் கலந்ததா?

ஒரு சொட்டுக்கூட இல்லை என்றேன்,
எட்டாயிரம் லிட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு.