வெள்ளைப் பக்கம்

முகரக்கில் மீன் சந்தைக்குப் பின்சந்தில்
எங்கள் லாண்டரி.
இடப்பக்கம் அபாயா, எல்லாம் கறுப்பு.
வலப்பக்கம் தோப், எல்லாம் வெள்ளை.
ஆறு வருஷம் இடப்பக்கம் நின்றவன்
போன மாசியிலிருந்து வலப்பக்கம்.
சஜீவன் சேட்டன் காரணம் சொல்லவில்லை.
மடித்துவைத்த கறுப்புத் தோளில்
உப்புப் பொடி மாதிரி என்னவோ கிடந்ததை
ஊதிவிட்டார், அவ்வளவுதான்.

உப்பில்லை சேட்டா, நான்தான்.

முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்தில் தொடங்கியது.
சூடு என்றான் ஒருத்தன்.
தண்ணி சேரலை என்றான் இன்னொருத்தன்.
ஊரில் குலசாமிக்குக் காசு முடிந்துவைத்தார்கள்.
நான் சோப்பை மாற்றினேன்.
அது முழங்காலுக்கு மாறியது.

எகிப்து டாக்டரம்மா எழுதிய சொல்லை
மருந்துக்கடைப் பையன் வாசித்தான்:
சதஃபிய்யா.
சதஃப் என்றால் சிப்பி என்றான்.
மூச்சடக்கி முத்துக் குளித்த ஊர் இது.
சிப்பி மட்டும் ஆள் தேடிக் கரையேறி
என்மேல் ஒட்டியிருக்கிறது.

தொத்துமா?
நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.
எட்டுப் பேர் அறை, ஒரே குளியலறை.
தொத்தாது என்று
அரபியில், ஆங்கிலத்தில், தலையாட்டி
மூன்று விதமாகச் சொன்னார்.
பிறகு உறையில்லாத விரலால்
முழங்கையைத் தொட்டுப் பார்த்தார்.
அந்த இடத்தை மட்டும்
இரண்டு நாள் சொறியவில்லை.

போயிடுமா?
போகும், வரும் என்றார்.
வருஷ லீவு மாதிரியா என்று கேட்க
என் அரபி போதவில்லை.

வெந்நீர் கூடாதாம்.
ஆகஸ்டில் இங்கே குழாயைத் திறந்தாலே வெந்நீர்.
ராத்திரியே வாளியில் பிடித்து
ஏசிக்குக் கீழே ஆறவைக்கிறேன்.
துடைத்த ஈரம் காயுமுன் களிம்பு.
நகம் ஒட்ட வெட்டியாகிவிட்டது.
ஆனாலும் ரமலான் கடைசி வாரம்
ஓவர்டைம் ஏறும்போது அதுவும் ஏறுகிறது.
வட்டிக்காரர் போன் வந்த இரவு
காதுக்குப் பின்னால் ஒரு புதுக் கிளை.

வருகைப் பதிவு மெஷின்
என் கட்டைவிரலை அடையாளம் தெரியாதென்கிறது.
மீண்டும் வை, மீண்டும் வை.
மூன்றாம் தடவை சேட்டன்
நோட்டில் பேனாவால் எழுதுகிறார்:
வந்தான்.

மேல்கட்டில் எனக்கு, கீழே எபனேசர்.
நான் புரண்டால் அவன்மேல் உதிரும்.
ஒருநாள் என் கட்டிலுக்கு அடியில்
பழைய கைலி ஒன்றை இழுத்துக் கட்டினான்.
அன்று முழுக்க நான் புரளவில்லை.
ஒரு வாரம் கழித்து அவிழ்த்துவிட்டு
"நீ கீழ வந்துரு, மேல காத்து நல்லா வருது" என்றான்.
ஏசி தண்ணீர் சொட்டுகிற இடம் அது.
நாலு வருஷம் படுத்த எனக்குத் தெரியாதா.

வீடியோவில் முகத்தை மட்டும் காட்டப்
பழகி வைத்திருந்தேன்.
செண்பகவல்லி, கையைக் காட்டு என்றாள்.
காட்டினேன்.
குறுக்கே விழுந்து மகள் கேட்டாள்:
பாம்பு மாதிரி புதுத்தோல் வருமாப்பா?
வரும் கண்ணு.
மத்தவங்களுக்கு ஒரு மாசத்துல வர்றது
எனக்கு நாலஞ்சு நாள்ல வந்துருது.
அதுதான் வியாதியே.
ஓவர்டைமா என்றாள்.
ஆமாம் என்றேன்.

பெருநாளுக்கு முந்தின இரவு
இடப்பக்கத்து ரஃபிகுலுக்குக் காய்ச்சல்.
நாற்பது அபாயா கிடக்கிறது.
சேட்டன் என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்,
தூசி எடுக்கும் ஒட்டுருளையை
என் கையில் வைத்தார்.
தேய்த்தேன். உருட்டினேன்.
விடிகிற நேரம் உருளையை
விளக்கடியில் திருப்பிப் பார்த்தால்
யாரோ ஒருத்தியின் நீள முடி,
பூனை மயிர், சாம்பிராணிச் சாம்பல்,
ஒரு குழந்தையின் பிஸ்கட் தூள்,
நடுநடுவே
நானும்.