ஒரு மூச்சுக்கு எத்தனை ஊர்

பதினேழாம் கட்டிலில் கண்டக்டர் ஞானதிரவியம்.
பொன்னாக்குடி விலக்கில் லாரி மோதி
முப்பத்தெட்டு நாள் மெஷின் மூச்சு.
குழாய் கிடந்த இடம் தழும்பேறிச் சுருங்க
இருமுறை விரித்துவிட்டோம்.
கழுத்தில் ஓட்டை இன்னும் இருக்கிறது.
மூச்சு அதன் வழியே வந்து அதன் வழியே போகிறது,
நாக்கை எட்டிக்கூடப் பார்க்காமல்.

என் கோட்டுப் பையில் ஒன்பதாவது வால்வு.
வரும் காற்றுக்குத் திறந்து
போகும் காற்றைக் குரலுக்குத் திருப்ப வேண்டியது.
அச்சு, பேட்டை மீரான் லேத்தில் கடைந்தது.
"சைக்கிள் டியூபுக்கா டாக்டரம்மா?"
ஏறக்குறைய, என்றேன்.

தோற்ற எட்டும் டிபன் டப்பாவில்.
சளிக்குப் பதில் ஜவ்வரிசிக் கஞ்சி ஊற்றிப் பார்த்தேன்,
டியூட்டி ரூமில், ராத்திரி இரண்டு மணிக்கு.
நாலாவது ஒட்டிக்கொண்டது. ஏழாவது கிழிந்தது.
எட்டாவது நன்றாகவே வேலை செய்தது,
கஞ்சி ஆறும்வரை.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வரவில்லை.
வராமல் அவர் கழுத்தில் வைக்கக் கூடாது. சரிதான்.
பைக்குள் அது, கட்டிலில் அவர்,
தினம் இருமுறை ரவுண்ட்ஸ்.

நேற்று மாணவர்கள் சூழ்ந்து நின்றபோது
கட்டைவிரலால் ஓட்டையை மூடிக்கொண்டு
அவராகவே பேசினார்:
"படியில நிக்காதிய. உள்ள போங்க."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த விரல்.
இழுக்கும்போது எழுந்து
விடும்போது படிகிறது,
ஓரம் முதலில், பிறகு உருண்டு நடு.
என் ரப்பர் இதழோ
ஒரே அடியாக அறைந்து மூடுகிறது.
ஒட்டாமல் என்ன செய்யும்?

வழியை மறித்து அந்த விரலையே பார்த்து நின்றேன்.
சிஸ்டர் சேர்மக்கனி ஊசி ட்ரேயோடு
என்னை இடித்துக்கொண்டு போனார்.

"ரூட்டைச் சொல்லுங்க" என்று கடிகாரத்தை அழுத்தினேன்.
"பெருமாள்புரம் ரெட்டியார்பட்டி பொன்னாக்குடி"
அங்கே நின்றுவிட்டார்.
மூச்சா, அந்த விலக்கா, நான் கேட்கவில்லை.
விரலை எடுத்து, இழுத்து, மறுபடி:
"மூன்றடைப்பு. நாங்குநேரி."

ஆய்வுத் தாளில் வினாடி: நாலு புள்ளி இரண்டு.
என் நோட்டில்: மூன்று ஊர்.

இன்று பத்தாவதுக்குப் படம் கொடுத்தேன்,
இதழின் ஓரத்தில் ஒரு சிறு சாய்வோடு.
திருப்பித் திருப்பிப் பார்த்தார் மீரான்.
"இது எதுவரைக்கும் போகணும்?"
பணகுடிவரை, என்றேன் யோசிக்காமல்.
"அதுக்கப்புறம் பூரா காத்தாடிதானே" என்றபடி
லேத்தை ஓட்டினார்.
அவர் மேலே சொன்னது எதுவும் கேட்கவில்லை.