இதன் மத்தியில்

ஜெராக்ஸ் கடைக்குக் கிழக்கு,
டீக்கடைக்கு மேற்கு,
சார்பதிவாளர் ஆபீசுக்குத் தெற்கு,
சாக்கடைக்கு வடக்கு,
இதன் மத்தியில் என் மேசை.
பல்லடத்தில் பத்திரம் எழுதி இருபத்திரண்டு வருஷம்.
யாரைப் பார்த்தாலும்
நாலு பக்கமும் யார் என்றுதான்
முதலில் தோன்றுகிறது.

இன்றைக்கு வந்தவர் சுக்தேவ் மாஞ்சி.
கயா ஜில்லா. சாயப்பட்டறையில் பதினேழு வருஷம்;
நகக்கண்ணில் இன்னும் நேவி ப்ளூ.
வாங்குவது இரண்டரை சென்ட்.
கூட வந்த மகள் பூனம் பத்தாவது படிக்கிறாள்.
மாஞ்சிக்கு எந்த 'ஜி' என்று கேட்டேன்.
"ஞ்-க்கு அப்பறம் 'சி' போட்டாலே
'ஜி'ன்னுதானுங்க்கா படிப்பாங்க."

மூலப்பத்திரம் முப்பத்தெட்டாம் வருஷத்தது.
கோயமுத்தூர் ஜில்லா, கரிச்சிபாளையம் கிராமம்.
ஜில்லா மாறிவிட்டது,
மண் ஓரடி நகரவில்லை.
எழுதிக் கொடுத்தவர் இன்னாரின் குமாரர்.
கைநாட்டு வைத்த பண்ணையாள்
இன்னான் மகன்.

இட்டேரிக்குக் கிழக்கு,
அய்யாவு நாயக்கர் தோட்டத்துக்கு மேற்கு,
பள்ளத்துக்குத் தெற்கு,
மாதாரி வளவுக்கு வடக்கு,
இதன் மத்தியில் புஞ்சை ஏக்கர் 3.27,
கிணற்றில் பாதி, கவலை இறைக்கும் பாத்தியம் சகிதம்.

இட்டேரி இப்போது தார் ரோடு.
நாயக்கர் தோட்டம் மூன்று விசைத்தறிக் குடோன்.
பள்ளத்தில் மழை பெய்தால் தண்ணி,
பெய்யாவிட்டால் சாயம்.
வளவு மட்டும் அதே பேரில்.

அங்கே பிறந்தவள் நான்.
வீட்டுக்குள் நீள்ளு,
வாசல் தாண்டினால் தண்ணி.
நாயக்கர் வீட்டிலும் நீள்ளுதான்.
இரண்டு தெலுங்கும்
ஒரு கிணற்றில் இறைத்ததில்லை.
ஒருநாள் அனந்தபூர் லாரிக்காரருக்கு
எங்கள் தெலுங்கில் பெருமையாக வழி சொன்னேன்.
'இந்தம்மாவுக்குத் தமிழ் தவிர ஒன்றும் வராது போல'
என்றார் கிளீனரிடம், தெலுங்கில்.
அது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.
என் மகனுக்கு நீள்ளும் தெரியாது.
கேன் வந்துருச்சா என்பான்.

எண்பத்தாறு வருஷம், கைமாறிய பத்திரமெல்லாம்
அந்த வரியைப் பார்த்துப் பார்த்தே எழுதியிருக்கிறது.
மூன்று பத்திரம் என் கையால்.
கூசவில்லை.
எல்லையில் கை வைக்காதே என்பதுதான்
இந்தத் தொழிலில் முதல் பாடம்.

பூனம் திரையைப் படித்து
அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.
இந்தி நல்லாப் பேசறியே என்றேன்.
"இந்தி இல்லீங்க்கா, மகஹி.
ஸ்கூல்ல இந்தின்னு போட்டுட்டாங்க."
நாலாவது எல்லையில் நின்றாள்.
"மாதாரிங்கிறது யாருங்க்கா? அந்த வீட்டுக்காரர் பேரா?"

டீ வந்தது. குடித்தேன்.
பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்தேன்.
மாதாரி வளவு
கடைசி எழுத்திலிருந்து தேய்ந்துகொண்டே போய்
கர்சர் மட்டும் மினுங்கியது.
அடித்தேன்:
ஆறான் மகள் சரோசினி வீட்டுக்கு வடக்கு.
மூலத்தில் இப்படி இல்லையே என்பார் சார்பதிவாளர்.
சொல்லட்டும்.

சுக்தேவ் ஏதோ கேட்டார்.
"சரோசினி நல்ல மாதிரியான்னு
அப்பா கேக்கறாருங்க."
"கொஞ்சம் வாய் சாஸ்தி" என்றேன்.
இரண்டு பேரும் சிரித்தார்கள்,
அவர் அரை நிமிஷம் கழித்து.

எழுந்திருக்கும்போது அவள்தான் கேட்டாள்,
"வழித்தடம் போட்டீங்களாங்க்கா?"
மேற்கே இருபதடி ரோடு. போட்டிருக்கிறேன்.
தெற்கே, அவர்கள் மனைக்கும் என் வீட்டுக்கும் நடுவில்,
லேஅவுட்காரர் எழுப்பிய எட்டடிச் சுவர்.
அதைச் சொல்ல
எந்தத் திசையிலும் இடம் இல்லை.
சாமான் இறக்கும் அன்றைக்குப் பார்ப்பாள்.

பிரிண்ட் எடுத்தேன்.
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து போடச் சொன்னேன்.
சாட்சி இடத்தில், தமிழில்,
சுழி பார்த்து எழுதினாள் அண்ணனிடமிருந்து வாங்கிய பேனாவால்
அவர்கள் லைன் வீட்டு ஓனரம்மாள்.
பதினெட்டு ஆகாததால்
பூனம் பார்த்துக்கொண்டு நின்றாள்.