மைனஸ் இரண்டே கால்

ராயபுரம் கண்ணாடிக் கடையில்
ஐந்து மாதமாய் யாரும் வந்து வாங்காத ஒரு கண்ணாடி.
உறையின் மேல்: தே. தேசம்மா, காட்டுக்குப்பம், எண்ணூர்.
இலவச முகாமில் சோதித்தது.
இரு கண்ணுக்கும் மைனஸ் இரண்டே கால்.

ஞாயிறுதானே, கொடுத்துவிட்டு
அப்படியே ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டு வா
என்றார் முதலாளி.
ஆறு இருக்கிறதாம், முகத்துவாரம் இருக்கிறதாம்,
கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை
அவர் அங்கே நண்டு தின்றிருக்கிறாராம்.

கும்மிடிப்பூண்டி வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது.
திருவொற்றியூர் தாண்டியதும்
ஒவ்வொரு கைக்குட்டையாக மூக்குக்குப் போயிற்று.
ஏன் என்று யோசித்தேன்.
அரை நிமிடம்கூட ஆகவில்லை, தெரிந்துவிட்டது.

"சுத்திப் பாக்கவா, வேலைக்கா?"
ஷேர் ஆட்டோக்காரர் கேட்டார்.
இரண்டுக்கும் என்றேன்.
தாடையை மட்டும் ஆட்டிக் காட்டினார்:
"அது கூண்டு. அதோ, அதுவும் கூண்டு.
இங்க ஒண்ணு இருந்துச்சு, இட்ச்சிட்டாங்க."
பத்து ரூபாயில் ஊர் முடிந்தது.

கரையில் தேசம்மா இல்லை.
"ஆத்துல கீறாங்க" என்றான்
டயர் உருட்டிப் போன ஒரு பையன்.
மின்கோபுரம் ஒன்று
நடுத்தண்ணீரில் நான்கு காலையும் நனைத்து நின்றது.
பாலத்தின் மேல் லாரிகள், லாரிகள்.
வடக்கே ஆவி விடும் இரண்டு கோபுரங்கள்,
யாரோ அடுப்பிலிருந்து இறக்க மறந்த இட்லிப் பானைகள்.
இவற்றுக்கெல்லாம் கீழே
இடுப்பளவு நீரில் நான்கு தலைகள்.
பல்லில் ஓலைப்பரியைக் கடித்திருந்ததால்
நான் கூப்பிட்டதற்கு எதுவும் வாய் திறக்கவில்லை.
ஒரு தலை மட்டும் கையைத் தூக்கி
'இரு' என்றது.

இருந்தேன்.
வத்தம் முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கிய பிறகு
அவள் ஏறி வந்தாள்.
சேலை முழுக்கச் சாம்பல் நிறச் சேறு,
பரியில் இறால் ஒரு பிடிக்கு மேல் இல்லை.
நானே துடைத்துப் போட்டுவிட்டேன்.
மூக்குக்கு மேல் கொஞ்சம் இறுக்கினேன்.

நெடுநேரம் பேசவில்லை.
பிறகு: "இன்னாய்யா இது,
கூண்டு இம்மாங் கிட்டக்கவா கீது?"
பிறகு: "பாலத்துமேல எழுத்தா எழுதிக்கீது!
நான் கறைன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."
பிறகு குழாயைப் பார்த்தாள்.
அதன் மூட்டில் ஒழுகி ஆற்றில் இறங்கும்
வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள்.
அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
திடீரென்று சேலையைச் செருகிக்கொண்டு
எதிர்க்கரையைப் பார்த்துக் கத்தினாள்:
"யோவ் நாகூரான்! தெரியறய்யா!
ஊர்ல இல்லேன்னு சொல்லச் சொன்ன?
மூவாயிரம்யா, மூவாயிரம்!"
அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆள்
வலைக்குப் பின்னால் மெல்ல நகர்ந்தான்.
வலை வழியாகவும் அவன் தெரிந்தான்.
எனக்கே தெரிந்தான்.
மற்ற மூவரும் சிரித்த சிரிப்பில்
ஒரு கொக்கு எழுந்து போயிற்று.

பதிவேட்டை நீட்டினேன்.
கையெழுத்துப் போடும்போதுதான் விரல்களைப் பார்த்தேன்.
கிளிஞ்சல் கிழித்த கோடுகள்,
பழையதின் மேல் புதியது.
"அடியில மாவு மாதிரி படிஞ்சிக்கினு கீது.
எறா பதுங்குற குழியெல்லாம் தூந்துபோச்சு.
முன்னெல்லாம் தொட்டாலே தெரியும்,
எறாவா கல்லா பாம்பான்னு.
இப்ப வெரலுக்குத்தான் பவர் ஏறிப்போச்சு.
அதுக்கு எழுதித் தரச் சொல்லு ஒங்க டாக்டர."

சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.
அவள் பெயரின் கடைசி எழுத்து
ஈரத்தில் கரைந்து, பதிவேட்டில்
என் பெயர் வரைக்கும் வந்திருந்தது.

வேண்டாம் என்றும் கேட்காமல்
பாதி இறாலைப் பையில் கட்டிக் கொடுத்தாள்.
முகத்துவாரம் பார்க்கவில்லை.
கடைசிப் பெட்டியில், மடியில் பை சொட்டச் சொட்ட
உட்கார்ந்து வந்தேன்.
கத்திவாக்கத்தில் எதிர் இருக்கை அம்மா
கைக்குட்டையை மூக்கில் வைத்தாள்.
என்னாலா, ஊராலா என்று
வண்ணாரப்பேட்டை வரை
கேட்க வாய் வரவில்லை.